குரங்கும் ஜூஸும்: டோபமைன் செல்களின் கதை

1980களில் சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, குரங்குகளின் மூளைக்குள் மெல்லிய மின்முனைகளைச் செலுத்தி ஒவ்வொரு நரம்புச் செல்லாக ஒட்டுக்கேட்டுக் கொண்டிருந்தார். அவர் தேடிப் போனது ஒன்று, கிடைத்தது இன்னொன்று.

அவர் தேடியது பார்க்கின்சன் நோய்க்கான விடை. அந்த நோய் வந்தவர்களுக்குக் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நாற்காலியிலிருந்து எழுவதே பெரும்பாடு. நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் செத்துப் போவதுதான் காரணம் என்று அதற்கு முன்பே தெரியும். அப்படியானால் அந்தச் செல்கள் உடல் அசைவை நடத்துபவையாகத்தானே இருக்க வேண்டும்? குரங்கு கையை நீட்டினால் அவை துடிக்க வேண்டும் அல்லவா?

ஆனால் கை அசைவை அவை பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை! மூடிய பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவும் குரங்கின் விரல் ஆப்பிள் துண்டைத் தொட்ட கணத்தில்தான் படபடவென்று துடித்தன. வெறும் பெட்டி என்றால் சத்தமில்லை.

'இதில் என்ன அதிசயம், டோபமைன் என்றால் இன்பம்தானே?' என்று கேட்கலாம். அன்று பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1954ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலியின் மூளையில் மின்கம்பியைப் பொருத்தினார்கள். அது குறி தவறி வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த இடத்தில் மின்சாரம் பாய வேண்டும் என்பதற்காகவே எலி திரும்பத் திரும்ப நெம்புகோலை அழுத்தியது. 'இன்ப மையம்' என்ற பெயர் பத்திரிகைகளில் பரவியது இதற்குப் பிறகுதான்.

ஷுல்ட்ஸின் குரங்குகள் அந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தன. ஒரு விளக்கு எரியும், சிறிது நேரம் கழித்து வாயில் ஜூஸ் சொட்டும். ஆரம்பத்தில் ஜூஸ் வந்ததும் செல்கள் துடித்தன. இதே வரிசை பல முறை நடந்து குரங்கு பழகிய பிறகு, விளக்கு எரிந்தவுடனே துடித்தன. ஜூஸ் வந்தபோது பேசாமல் இருந்தன. அதே ஜூஸ், அதே இனிப்பு, குரங்கும் ஆசையாகத்தான் குடிக்கிறது. இன்பத்துக்காகத் துடிக்கும் செல் என்றால் இப்போது ஏன் மௌனம்? இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. விளக்கு எரிந்தும் ஜூஸ் வராமல் போனால், வந்திருக்க வேண்டிய அதே நொடியில் செல்கள் வழக்கமான மெல்லிய துடிப்பையும் நிறுத்திக்கொண்டன. வராத ஒன்றுக்கு நேரம் குறித்து வைத்திருக்கிறது மூளை!

இதற்கு விளக்கம் தந்தவர்கள் குரங்கைத் தொட்டுப் பார்க்காத கணக்குக்காரர்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்டோவும் 1980களில் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வழி கண்டிருந்தார்கள். இயந்திரம் முதலில் ஒன்றை எதிர்பார்க்கும். கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அடுத்த எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ளும். ரீட் மாண்டேகு, பீட்டர் டயன் என்ற இரு இளைஞர்கள் ஷுல்ட்ஸின் வரைபடங்களைப் பார்த்தபோது, அந்த வித்தியாசமே டோபமைன் துடிப்பாகக் கண்முன் நின்றது. 1997ல் மூவரும் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையையே புரட்டிப் போட்டது.

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது எளிதில் புரியும். இது 'வேரியன்ஸ்' கணக்கு, அவ்வளவுதான். பட்ஜெட்டில் போட்ட தொகையே செலவானால் மேலாளருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கூடினாலோ குறைந்தாலோதான் ரிப்போர்ட் போகும். டோபமைன் செல்கள் அந்த ரிப்போர்ட்டை அனுப்பும் குமாஸ்தாக்கள்.

வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்றும் இருக்கிறது. பயன்பாட்டை எண்ணால் அளக்க முடியாது, எது மேல் எது கீழ் என்று வரிசைப்படுத்தத்தான் முடியும் என்று 1934ல் ஹிக்ஸும் ஆலனும் வாதிட்டதைப் பொருளாதார வகுப்பில் படித்திருப்பீர்கள். 2006ல் ஹார்வர்டில் பதோவா-ஸ்கியோப்பாவும் அசாதும் குரங்குகளுக்கு இரண்டு பானங்களை வெவ்வேறு அளவில் காட்டித் தேர்ந்தெடுக்க விட்டார்கள். கண்ணுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் சில செல்கள், பானம் எது என்பதைப் பொருட்படுத்தாமல், தேர்ந்தெடுத்ததன் மதிப்புக்கு ஏற்பக் கூடிக் குறைந்து துடித்தன. 2014ல் ஷுல்ட்ஸ் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. டோபமைன் துடிப்பு ஜூஸின் அளவைப் பின்பற்றவில்லை, இறுதிநிலைப் பயன்பாட்டைப் பின்பற்றியது என்று காட்டினார்கள். பாடப்புத்தகத்தில் வளைகோடாக மட்டும் பார்த்த ஒன்று! இதனால் ஹிக்ஸ் தோற்றுவிட்டார் என்று அவசரப்பட வேண்டாம். ஒரு குரங்கின் பயன்பாட்டை இன்னொரு குரங்கோடு ஒப்பிட இந்தச் சோதனைகள் வழி சொல்லவில்லை.

2017ல் ஷுல்ட்ஸுக்கும் டயனுக்கும், ரே டோலனுக்கும் 'பிரைன் பிரைஸ்' கிடைத்தது. சட்டனும் பார்டோவும் 2024ம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றார்கள். குரங்குகளை இப்படி ஆராய்வது நியாயமா என்ற வாதம் மட்டும் ஓயவில்லை. ஓயவும் கூடாது.

ஷுல்ட்ஸ் தேடிப் போன நோயாளிகள் என்ன ஆனார்கள்? அவர்களிடமே இந்தக் கதை திரும்பி வந்தது. 2004ல் மைக்கேல் ஃபிராங்கும் அவரது சகாக்களும் பார்க்கின்சன் நோயாளிகளைச் சோதித்தார்கள். டோபமைனைக் கூட்டும் மருந்து உடம்பில் இருக்கும்போது அவர்கள் வெற்றியிலிருந்து நன்றாகக் கற்றார்கள். மருந்து இல்லாதபோது தோல்வியிலிருந்து நன்றாகக் கற்றார்கள். மறு ஆண்டே அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், டோபமைனைப் போலவே வேலை செய்யும் மாத்திரை சாப்பிட்ட 11 நோயாளிகள் சூதாட்டத்துக்கு அடிமையானதைப் பதிவு செய்தார்கள். கை நடுக்கம் குறைந்தவர்கள் சூதாட்ட மேஜையில் பணத்தை விட்டார்கள். மாத்திரையை நிறுத்தியதும் அல்லது குறைத்ததும் அவர்களில் பலருக்கு அந்த வெறி அடங்கிவிட்டது.