சயாம் மரண ரயில்: கெடா தோட்டத் தொழிலாளர்

சயாம்-பர்மா ரயில் பாதை: 1942–43இல் ஜப்பானிய இராணுவம் அமைத்த 415 கிலோமீட்டர்ப் பாதை. தாய்லாந்தின் பான்போங்கையும் பர்மாவின் தன்பியூசயாத்தையும் இணைத்தது. நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோரும், அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் இதில் உழைத்தனர். கைதிகளில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தனர். ஆசியரின் இறப்பு பல பத்தாயிரம் என்பதே மதிப்பீடு.

மலாயாவிலிருந்து சென்ற தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர். சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களைக் கொண்ட கெடாவின் ரப்பர் தோட்டங்களும் ஆட்களை இழந்தன. நல்ல கூலி என்ற வாக்குறுதியில் சிலர், தோட்ட மேற்பார்வையாளரான கங்காணியின் பேச்சை நம்பிச் சிலர், பலவந்தமாகப் பலர் ரயிலேற்றப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை அழித்தன. முகாம்களில் கைதிகளிடையே இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தொழிலாளருக்கு அந்த ஆதரவும் கிட்டவில்லை.

இறந்த பின்னும் அதே ஏற்றத்தாழ்வு. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 வீரர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர், அடையாளம் தெரிந்தவர்களின் பெயர்கள் கல்லில் உள்ளன. தொழிலாளருக்கோ பெயர்ப்பட்டியலே இல்லை. ஜப்பானுடனான 1951 சான்பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையின் 16ஆம் விதி முன்னாள் போர்க் கைதிகளுக்கு இழப்பீட்டு வழி வகுத்தது. தோட்டத் தொழிலாளர் அதில் சேரவில்லை. இது வெளிப்படையான அநீதி. இராணுவத்தாருக்கு முன்னாள் வீரர் சங்கங்கள் வாதாடின. தோட்டக் குடும்பங்களுக்காக வெகுகாலம் பேச யாருமில்லை. மலேசியாவின் மரண ரயில் ஆர்வலர் குழு பின்னாளில் பிழைத்தவர்களின் வாய்மொழிகளைத் திரட்டி, இழப்பீடும் நினைவுச்சின்னமும் கேட்டுக் குரல் கொடுத்தது.