மணம் அறியும் பூச்சிகள்: கேமரன் மலை தரும் பாடம்

தமிழில் ‘மணம்’ என்னும் சொல் வாசனையையும் திருமணத்தையும் ஒருசேரக் குறிக்கும். பூச்சிகளின் வாழ்விலும் இவ்விரண்டும் நெருங்கியவை. பயிரைக் கண்டடைவதும் துணையைக் கண்டடைவதும் பெரும்பாலும் வாசனை வழியே நிகழ்கின்றன. இவ்வுண்மை அறியப்பட்ட வரலாற்றையும், கேமரன் மலையில் அது உணர்த்தும் பாடத்தையும் இப்பொழிவில் காண்போம்.

பகாங் மாநிலத்தின் இம்மலைப்பகுதி, 1885இல் அங்கு நில அளவை செய்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கியுள்ளது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். தேயிலைத் தோட்டங்களில் தமிழர் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. தேயிலைச் சரிவுகளை அடுத்து முட்டைக்கோசுத் தோட்டங்களும் பெருகின. மலாயாவில் 1925இல் பதிவான வைரமுதுகு அந்துப்பூச்சி, அவற்றின் முதன்மைப் பகையாயிற்று.

எத்தனையோ செடிகளுக்கிடையே அச்சிறு பூச்சி முட்டைக்கோசை எவ்வாறு அறிகிறது? கடுகுக் குடும்பச் செடிகளின் இலை சிதைந்தால் காரநெடி எழும். கடுகை அரைக்கும்போது நம் மூக்கில் ஏறுவதும் அந்நெடியே. பல பூச்சிகளை விரட்டும் இக்காவல், இந்த அந்துப்பூச்சிக்கோ முட்டையிட ஏற்ற இடத்தைக் காட்டும் அடையாளம். 1910இல் டச்சுத் தாவரவியலாளர் வெர்ஷாஃபெல்ட், இக்குடும்பச் செடியின் சாற்றை வேறு இலைகளில் தடவினார். முட்டைக்கோசு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள், முன்பு ஒதுக்கிய அவ்விலைகளையும் உண்டன.

துணையை அழைக்கும் மணத்தின் வேதியியல் பின்னரே புலப்பட்டது. ஜெர்மானிய வேதியியலாளர் பூட்டனான்ட், ஏறத்தாழ 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளைக் கொண்டு ஆராய்ந்து, அப்பொருளை 1959இல் இனங்காட்டினார். தேயிலைக்கும் இவ்வறிவு வந்து சேர்ந்தது. இலங்கைத் தேயிலையைத் தாக்கும் இலைச்சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சி வெளியிடும் அழைப்பு மணத்தை, பி. சிவபாலன் அமெரிக்க அறிஞர்களுடன் ஆராய்ந்து 1978இல் வெளியிட்டார். இத்தகைய மணத்தைப் பொறியில் வைத்தால் ஆண் பூச்சிகள் ஏமாந்து வந்து சிக்கும். அவை பெருகும் காலத்தையும் நாம் முன்னறியலாம்.

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களிலோ நெடுங்காலம் நஞ்சையே நம்பினர். அதனை நாம் ‘மருந்து’ என்றே அழைக்கப் பழகிவிட்டோம். வைரமுதுகு அந்துப்பூச்சி நஞ்சைத் தாங்கும் ஆற்றலை விரைவில் பெறுவது. ஜாவாவில் அது டிடிடியைத் தாங்கி நின்ற செய்தி 1953இலேயே வெளியாயிற்று. நஞ்சுக்குப் பகை தப்பியது. அப்பகையின் புழுக்களில் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளோ மடிந்தன.

1970களில் டையடெக்மா என்னும் குளவியினம் கேமரன் மலைக்குக் கொண்டுவரப்பட்டது. குளிர்ந்த மலைச்சூழல் அதற்கு ஒத்தது. அங்கு அது நிலைபெற்றது. இக்குளவிக்கும் மணமே வழிகாட்டி. புழு கடித்த இலையினின்று எழும் வாசனையைப் பற்றிச் சென்று அது தன் இரையை அடைகிறது. பகையை அழைத்த செடியே தன் காவலனையும் அழைக்கிறது. நஞ்சு மிகுந்த தோட்டத்தில் அவ்வழைப்பைக் கேட்டு வரக் குளவி உயிரோடு இராது.

நஞ்சு தெளிக்கும் கையும் அந்நெடியைச் சுவாசிக்கும் நெஞ்சும் உழைப்பவருடையவை. ஆதலால் இவ்வறிவு ஆய்வேடுகளில் மட்டும் தங்குதல் தகாது. ஆசிரியர்கள் இதனைத் தமிழில் கற்பிக்க வேண்டும். மாணவர்கள் ஓர் இலையைக் கசக்கி முகர்வதிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். எது மருந்து, எது நஞ்சு என்னும் தெளிவு அங்கிருந்து பிறக்கட்டும்.