ஜப்பானியக் குடும்பத் திரைப்படம்

ஜப்பானில் 1920களில் உருவாகி இன்றுவரை தொடரும் படவகை. மகளுக்கு வரன் பார்ப்பது, அப்பாவின் வேலை போவது, வயதான பெற்றோரை யார் வைத்துக்கொள்வது என்று நகரத்துச் சாமானியக் குடும்பங்களின் அன்றாடமே இதன் கதை. இவற்றில் வில்லன் அநேகமாக இருப்பதில்லை. குடும்பத்தின் பெருமை பேசும் படங்களாக இவற்றைக் கருதுவோர் உண்டு. உண்மையில் குடும்பம் பிரிவதைத்தான் இவை திரும்பத் திரும்பக் காட்டின.

கபுகி அரங்குகளை நடத்திவந்த ஷோச்சிகு நிறுவனம் 1920இல் டோக்கியோவின் கமாத்தாவில் ஸ்டுடியோ தொடங்கியது. 1923 செப்டம்பர் நிலநடுக்கம் தலைநகரைச் சீரழித்தது. அடுத்த ஆண்டு ஸ்டுடியோ பொறுப்பேற்ற கிடோ ஷிரோ, பெண்களைத் திரையரங்குக்கு வரவழைக்க விரும்பினார். வாள்வீச்சுக் கதைகளைவிடச் சமகால வீட்டுக் கதைகளே அதற்கு உதவும் என்று நம்பினார். சிரிப்பும் அழுகையும் கலந்திருக்கலாம், முடிவில் நம்பிக்கை மிஞ்ச வேண்டும் என்பது அவர் வகுத்த பாணி. பேசும்படம் வந்தபோது சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் இரைச்சல் ஒலிப்பதிவுக்குத் தொல்லையாக, ஸ்டுடியோ 1936இல் ஓஃபுனாவுக்கு மாறியது.

ஷோச்சிகுவில் வளர்ந்த இயக்குநர்களில் முதன்மையானவர் யசுஜிரோ ஓசு (1903–1963). அவருடைய 'பிறந்தேன், ஆனால்…' (1932) மௌனப் படம். முதலாளியின் வீட்டில் ஒரு மாலை சிறு படங்களைத் திரையிடுகிறார்கள். தங்கள் அப்பா முதலாளியை மகிழ்விக்கக் கோணங்கித்தனம் செய்வதை இரண்டு சிறுவர்கள் அதில் பார்த்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து அவரிடம் சண்டை போட்டுவிட்டுச் சாப்பிட மறுக்கிறார்கள். அப்பாவிடம் பதில் இல்லை. சம்பளத்துக்காகக் குனிபவனின் அவமானத்தைப் பிள்ளைகளின் கண்வழியே காட்டியதில் இப்படத்தை மிஞ்ச இன்னொன்று வரவில்லை.

இப்படவகையின் பொற்காலத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1898ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம் குடும்பத் தலைவரின் கையில் பெரும் அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. வீட்டார் திருமணம் செய்யவும் அவர் சம்மதம் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றபின், 1947இல் திருத்தப்பட்ட சட்டம் அந்த அமைப்பை ஒழித்தது. வீடுகளுக்குள் பழக்கம் அவ்வளவு விரைவில் மாறவில்லை. அந்த இடைவெளியில்தான் 'பின்வசந்தம்' (1949), 'முன்கோடை' (1951), 'டோக்கியோ கதை' (1953) மூன்றும் பிறந்தன. மூன்றுக்கும் ஓசுவுடன் திரைக்கதை எழுதியவர் கோகோ நோடா. மூன்றிலும் நோரிகோ என்ற பெயருள்ள பெண்ணாக வருபவர் செட்சுகோ ஹரா.

'டோக்கியோ கதை'யில் ஓனோமிச்சி ஊர்க் கிழத்தம்பதி டோக்கியோவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மூத்த மகன் டாக்டர், மகள் அழகுநிலையம் நடத்துபவள், இருவருக்கும் நேரமில்லை. பெற்றோரை அதாமி வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். போரில் இறந்த மகனின் மனைவி நோரிகோதான் ஒருநாள் விடுப்பு எடுத்து ஊர் சுற்றிக் காட்டுகிறாள். ஊர் திரும்பிய தாய் இறந்துபோகிறாள். சடங்கு முடிந்து சாப்பிடும்போதே மகள், அம்மாவின் உடைகளில் தனக்கு வேண்டியதைக் கேட்கிறாள். மகளாக நடித்த ஹருகோ சுகிமுரா அதை எவ்வளவு இயல்பாகக் கேட்கிறார் என்பதில்தான் காட்சியின் வலி இருக்கிறது. படம் அவளைக் கொடுமைக்காரி ஆக்குவதில்லை. கொதிக்கும் கடைசி மகளிடம், பிள்ளைகளுக்கென்று தனி வாழ்க்கை வந்துவிடும், தானும் அப்படித்தான் ஆவேன் என்கிறாள் நோரிகோ. அமெரிக்க இயக்குநர் லியோ மெக்கேரியின் 'நாளைக்கு வழிவிடுங்கள்' (1937) இக்கதைக்குத் தூண்டுதல்களில் ஒன்று. 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழுக்காக உலக இயக்குநர்கள் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படங்களுக்கு வாக்களித்தபோது 'டோக்கியோ கதை' முதலிடம் பெற்றது.

ஓசுவின் கேமரா பாயில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில் இருக்கும் என்பது வழக்கமான விளக்கம். பல காட்சிகளில் அது அதைவிடவும் தாழ்வாகவே இருக்கிறது.

ஷோச்சிகுவிலிருந்து வெளியேறிய மிகியோ நருசே (1905–1969) இதே வீடுகளைக் காசுக் கணக்கோடு பார்த்தார். 'அம்மா' (1952) படத்தில் சலவைக்கடை நடத்தும் விதவை, குடும்பம் தாங்காமல் இளைய மகளை உறவினருக்குத் தத்துக் கொடுக்கிறாள். ஓசுவின் பாத்திரங்கள் பணத்தைப் பற்றி நாசூக்காகப் பேசுவார்கள். நருசேயின் பாத்திரங்கள் கடன் கேட்பார்கள், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள். உலகம் அவரை ஓசுவுக்கு அடுத்தபடியாகவே வைத்தது. அது நியாயமில்லை.

1958இல் உச்சம் தொட்ட திரையரங்கு வருகை, தொலைக்காட்சி பரவியபின் சரிந்தது. குடும்பக் கதைகள் தொடர்களாக வரவேற்பறைக்குப் போயின. யோஜி யமதா, 1969இல் தொடங்கிய தோரா-சான் படவரிசையால் பழைய மரபைத் தாங்கிப் பிடித்தார். யோஷிமித்சு மொரிதாவின் 'குடும்ப விளையாட்டு' (1983) அதை உடைத்தது: அதில் வீட்டார் எதிரெதிரே உட்காராமல், நீள மேசையின் ஒரே பக்கத்தில் வரிசையாக அமர்ந்து சாப்பிடுகிறார்கள்.

ஹிரோகாசு கொரே-ஏடா இவ்வகைக்கு மறுவாழ்வு தந்தவர். தாய் விட்டுப்போன நான்கு குழந்தைகள் தனித்து வாழும் 'யாருக்கும் தெரியாது' (2004) உண்மைச் சம்பவத்தை ஒட்டியது. அதில் நடித்த யூயா யாகிரா கான் விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றபோது அவருக்கு வயது 14. 'அப்பனைப் போல் பிள்ளை' (2013) மருத்துவமனையில் மாறிப்போன இரு குழந்தைகளின் கதை. ரத்த உறவில்லாதவர்கள் திருட்டைப் பங்கிட்டு ஒரே கூரையின் கீழ் வாழும் 'கடைத்திருடர்கள்' 2018இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்றது. விமர்சகர்கள் கொரே-ஏடாவை ஓசுவின் வாரிசு என்கிறார்கள். தன் படங்கள் நருசேக்கே நெருக்கமானவை என்று அவர் சொல்லிவருகிறார்.