ஓடுபாதை தாண்டும் விபத்துகள்

தரையிறங்கும் விமானம் ஓடுபாதைக்குள் நிற்க முடியாமல் அதன் மறுமுனையைக் கடந்து ஓடிவிடுவதை ஓடுபாதை தாண்டல் என்பர். பக்கவாட்டில் விலகிப் போவது தனி வகை. விபத்து நடப்பது தரையில் என்றாலும் அதன் வேர் பெரும்பாலும் வானத்தில் இருக்கிறது.

விமானத்தின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. வேகம் 10 சதவீதம் மிகுந்தால் நிற்கத் தேவையான தூரம் சுமார் 20 சதவீதம் நீளும். பின்காற்று தரைவேகத்தைக் கூட்டும். மழை ஈரம் டயரின் பிடியைக் குறைக்கும். இறங்கியதும் இறக்கையின் மேல் தகடுகள் நிமிர்ந்து தூக்குவிசையைக் கெடுக்க வேண்டும். எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கினால்தான் பிரேக் சரியாகப் பிடிக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது சக்கரம் தரை தொடும் இடம். ஓடுபாதைக்கு மேலே மிதந்துபோகும் ஒவ்வொரு விநாடியிலும் 200 அடிக்கு மேல் வீணாகிறது.

வேகமும் உயரமும் சரியாக அமையாவிட்டால் இறங்காமல் மீண்டும் மேலேறிவிட வேண்டும் என்பது விதி. 2010 மே 22 அன்று மங்களூரில் இறங்கவந்த விமானத்தின் துணை விமானி அதைத்தான் மூன்று முறை சொன்னார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உறங்கி விழித்திருந்த கேப்டன் கேட்கவில்லை. சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி கடந்த பிறகே சக்கரம் தரை தொட்டது. ஓடும்போது காலம் கடந்து மேலேற முயன்றும் பயனில்லை. மேசைபோல் உயர்ந்த அந்த ஓடுபாதையின் முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்ததில் 158 பேர் இறந்தனர். 8 பேர் மட்டுமே பிழைத்தனர்.

பத்தாண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7 இரவு, கோழிக்கோட்டில் அதே துயரம் திரும்பியது. மழையில் முதல் முயற்சியின்போது கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோனது. அடுத்த முறை பின்காற்றோடு எதிர்முனையிலிருந்து இறங்கி, 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடியில் தரை தொட்டனர். தொடுவதற்குச் சற்று முன் இங்கும் துணை விமானி மேலேறச் சொல்லியிருந்தார். விமானம் சரிவில் விழுந்து உடைந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தனர். கொரோனா அச்சத்தையும் பாராமல் ஓடிவந்த, விமான நிலையம் அமைந்த கரிப்பூரின் மக்கள் காயமடைந்தவர்களைத் தங்கள் சொந்த வண்டிகளிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பலர் உயிர்பிழைத்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

அனுபவம் மிக்கவர் தவறும்போது இளையவர் சொல்லுக்கு விமானி அறையில் எவ்வளவு மதிப்பு என்பதே இந்த இரு விபத்துகளிலும் எழும் தலையாய கேள்வி.

தாண்டிய விமானத்துக்கு என்ன ஆகும் என்பது முனைக்கு அப்பால் உள்ள நிலத்தைப் பொறுத்தது. அங்கே 240 மீட்டர் பாதுகாப்புப் பரப்பு வேண்டும் என்பது பன்னாட்டுப் பரிந்துரை. இடமில்லாத இடங்களில், சக்கரம் ஏறியதும் நொறுங்கி வேகத்தை உறிஞ்சும் மென்கான்கிரீட் படுகை அமைக்கிறார்கள். மாறாக, மங்களூரில் விமானத்தின் இறக்கை மோதியது வழிகாட்டி ஆண்டெனாவைத் தாங்கிய கான்கிரீட் கட்டுமானத்தில். 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவானில் சக்கரம் இறக்காமல் வயிற்றால் சறுக்கிவந்த விமானமும் அத்தகைய ஆண்டெனா நின்ற கான்கிரீட் மேட்டில் மோதி வெடித்தது. அதிலிருந்த 181 பேரில் இருவரே மிஞ்சினர்.