மவுன்ட் ரோட்டில் இறங்கி, தீவில் நிலைத்த பெயர்

அந்தமானின் நீல் தீவில் அலை குடைந்த கல் வளைவு ஒன்று இருக்கிறது. மீனம்பாக்கத்தில் காலை விமானம் ஏறும் தாம்பரத்துக்காரர் மறுநாளே அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் சேலையூரில் அப்படிப் போய் வந்த குடும்பங்கள் நிறைய. “ஹேவ்லாக் முடிச்சிட்டு நீல் போனோம், டீச்சர்” என்று போனில் படம் காட்டுவார்கள். பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். அந்த இரண்டு பெயர்களும் என்னை உறுத்தும். இரண்டுமே 1857 எழுச்சியை நசுக்கிய ஆங்கிலத் தளபதிகளின் பெயர்கள். அதிலும் நீல், நம் மெட்ராஸ் படையின் ஆள்.

நானும் அங்கே போனேன். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் இருக்கும் அந்த வளைவுக்குக் கடல் வற்றியிருக்கும் நேரத்தில்தான் நடக்க முடியும். தரையெல்லாம் செத்த பவளம், ஊசி ஊசியாக. செருப்பு மெல்லிசாக இருந்தால் குத்திவிடும். பள்ளங்களில் தேங்கிய தண்ணீரில் கடல் அட்டை கறுப்பாக, அசையாமல் கிடக்கிறது. கை நிழல் பட்டதும் நண்டு இடுக்குக்குள் ஓடுகிறது. கூட வந்த வங்காளிப் பையன் கால் வைக்க வேண்டிய கல்லை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனான். வளைவு நம் பல்லாவரம் மலைக் கல்லைப் போல உறுதியான கல்லால் ஆனதல்ல. பவள உயிர்கள் கட்டிய சுண்ணாம்புப் பாறை. அலை அதன் அடியை அறுத்து, குகையாக்கி, கடைசியில் இரு பக்கமும் திறந்துவிட்டது. மேலே மரமும் கொடியும் செழித்துக் கிடக்கின்றன.

உள்ளூரில் அதை ஹவுரா பாலம் என்கிறார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து, 1960-களில் இந்தத் தீவில் குடியேற்றப்பட்டவர்கள் வைத்த பெயர். வந்தவர்கள் காட்டைத் திருத்தி நெல்லும் காய்கறியும் போட்டார்கள். அந்தமான் தலைநகருக்கு இன்றும் அங்கிருந்து காய்கறி போகிறது. ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர் என்று தீவெங்கும் ராமாயணப் பெயர்கள். தீவுக்கு மட்டும் 2018 வரை நீல்.

ஜேம்ஸ் நீல் ஸ்காட்லாந்தின் ஏர் பக்கத்துக்காரன். 1857-இல் மெட்ராஸ் பியூசிலியர்ஸ் படையோடு மெட்ராஸிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா போனான். ஜூன் மாதம் காசியிலும் அலகாபாத்திலும் அவன் ஆட்சி. சந்தேகப்பட்டவர்களையெல்லாம் தூக்கிலிட்டார்கள், ஊர்களை எரித்தார்கள். சில ஊர்களில் ஆண்களை மொத்தமாகக் கொல்லச் சொல்லி அவன் கொடுத்த உத்தரவு எழுத்திலேயே இருக்கிறது. கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களையும் குழந்தைகளையும் வெட்டிக் கொன்றது பெரும் கொடுமை. அதை மறைத்து வரலாறு நடத்தக்கூடாது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த நீல், தன் கையில் சிக்கியவர்களை கொலை நடந்த தரையின் ரத்தத்தைத் துடைக்கவும் நக்கவும் வைத்து, பிறகு தூக்கிலிட்டான். செப்டம்பர் 25 அன்று லக்னோ தெருவில் குண்டடிபட்டு இறந்தான்.

இந்த மனிதனுக்குத்தான் மவுன்ட் ரோட்டில், ஸ்பென்சருக்குப் பக்கத்தில் சிலை வைத்தார்கள். அறுபது வருடத்துக்கு மேல் வெண்கலமாக நின்றான். 1927 ஆகஸ்டில் மதுரைப் பக்கத்து இளைஞர்கள் சுத்தியலோடு வந்து அந்தச் சிலையை அடித்தார்கள், சிறைக்குப் போனார்கள். திருநெல்வேலி சோமயாஜுலு போராட்டத்தை நடத்தினார். அவரும் சிறை சென்றபோது பொறுப்பை ஏற்றவர் இளைஞர் காமராஜர். அந்த வருடம் சென்னை வந்த காந்தி, தொண்டர்களிடம் பேசி, அகிம்சை வழியை விடக்கூடாது என்று சொல்லி ஆதரித்தார். தொண்டர்களில் பெரும்பாலோர் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ராஜாஜி ஆட்சிக்கு வந்த 1937-இல்தான் சிலை இறங்கியது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஒரு தெருமுனைச் சிலைக்காகச் சிறை போன அந்தப் பையன்களை நம் பாடப்புத்தகங்கள் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் தீராத வருத்தம்.

தெருவில் இறங்கிய பெயர் கடலில் மட்டும் வெகுகாலம் நிலைத்திருந்தது. 1858 மார்ச் 10 அன்று 200 கைதிகளோடு முதல் கப்பல் அந்தமானில் சேர்ந்தது. எழுச்சியில் பிடிபட்டவர்களை அடைக்கத்தான் அந்தக் குடியேற்றமே. அவர்களை அடைத்த கடலைச் சுற்றியிருந்த தீவுகளுக்கோ ஹேவ்லாக், நீல், அவுட்ராம், நிக்கல்சன், ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ் என்று வேலி போட்டதுபோலப் பெயர் வைத்தார்கள். தோற்றவனைச் சிறையிலும் விடாமல் அவமதிக்கும் செயல் என்றே இதை நான் பார்க்கிறேன்.

1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் கொடியேற்றிய சுபாஷ் சந்திர போஸ், அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டினார். அதன் 75-ஆம் ஆண்டில், 2018-இல், அதே நாளில் நீல் தீவு ஷஹீத் தீவாகவும் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும் மாறின. போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. மவுன்ட் ரோட்டில் சிலை இறங்கிய பிறகு, தீவின் பெயர் மாற 81 வருடம் ஆயிற்று. மாற்றியது சரி. ஆனால் பழைய பெயர் யாருடையது என்று சொல்லாமல் மாற்றினால் பாதி வேலைதான் முடிகிறது.

எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடல் வற்றும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்; உயிருள்ள பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். படகில் உட்கார்ந்திருக்கும்போது, நீல் யார், அவன் சிலையை மவுன்ட் ரோட்டிலிருந்து இறக்க யார் யார் சிறை போனார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.