தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம்

பள்ளி விடுமுறை வந்தால் நம்மவர்கள் தோட்டத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் பஸ் பிடித்துப் போகும் இடம் போர்ட் டிக்சன். தெலுக் கெமாங்கில் குளித்து, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, காட்டு மேட்டில் ஒரு வெள்ளைக் கோபுரம் நிற்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அதுதான் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம். போர்த்துக்கீசியர்கள் இந்த முனைக்கு வைத்த பெயர் ரச்சாடோ. பிளவுபட்டது என்று பொருள். 16ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் இங்கு விளக்கேற்றியதாகச் சொல்வார்கள். இன்றுள்ள 24 மீட்டர் கோபுரம் 1863இல் எழுந்தது. சுற்றிலும் நெகிரி செம்பிலானாக இருந்தாலும் இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது.

1606இல் டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியர்களும் இந்தக் கடலில் மோதினார்கள். அப்போது மூழ்கிய 'நாசாவ்' என்ற டச்சுக் கப்பலிலிருந்து எடுத்த பொருள்களை லுக்குட் அருங்காட்சியகத்தில் காணலாம்.

நமக்கும் இந்த விளக்குக்கும் ஓர் உறவு உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூர் போன 'ரஜூலா' கப்பல் இந்த முனையைக் கடந்துதான் போயாக வேண்டும். அதில் வந்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் அழைத்துப் போங்கள். ஆனால் வாசலிலிருந்து மேலே ஏற்றம்தான். தார்ச் சாலை என்றாலும் முட்டி வலிக்காரர்களுக்குச் சிரமம். நடக்க அரைமணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையிலேயே போவது நல்லது. மேலே கடை கிடையாது. தண்ணீர் கையோடு இருக்கட்டும். பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு நடந்தால் குரங்கு பறித்துவிடும். கோபுரத்தின் உள்ளே ஏற அனுமதி வேண்டும். வெளியே நின்று பார்க்கும் மலாக்கா நீரிணையே போதும்.

மார்ச் மாதம் போனால் இன்னொரு காட்சி. தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் காலம் அது. கடலுக்கு மேல் அவற்றைத் தூக்கிவிடும் வெப்பக் காற்று கிடையாது. அதனால் குறுகலான இந்த இடத்தில், ஏறக்குறைய 38 கிலோமீட்டர், சிறகடித்துக் கடந்து களைத்து வருகின்றன. முனையை எட்டும்போது தலைக்கு மேல் தாழப் பறக்கும். சுற்றிலும் விடுதிகள் எழுந்துவிட்ட இந்தக் கரையில், அவை வந்து இறங்க மிஞ்சியிருப்பது விளக்கைச் சுற்றியுள்ள இந்தக் காடுதான். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல், அண்ணாந்து பாருங்கள்.