பேராதனையின் நாடக வாரமும் ஒரு பழைய கடனும்

பேராதனையில் நாடக வாரம் வந்துவிட்டால் கண்டியின் மாலைப்பொழுதே மாறிவிடும். நான் அங்கு கலைப்பீட மாணவனாக இருந்த 1990களின் முற்பகுதியில், அந்த வாரத்தில் பிற்பகல் விரிவுரைகளுக்கு வருவோர் தொகை வெகுவாகக் குறைந்துவிடும். கண்டி நகரிலிருந்தும் கெட்டம்பேயிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்திறங்குவர். கையில் கடலைச் சுருள், தோளில் கம்பளி, மடியில் உறங்கும் குழந்தை. எல்லோரும் நாடுவது திறந்தவெளி அரங்கின் படிகளையே. குழி என்று பொருள்படும் ‘வள’ என்ற சிங்களச் சொல்லே அவ்வரங்கின் செல்லப்பெயர். ஹந்தானை மலைக்குளிர் இறங்கும் வேளையில் நாடகம் தொடங்கும். பிடிக்காத நடிகரை மாணவர் ஊளையிட்டே திணறடிப்பர். பிடித்துவிட்டாலோ மூச்சுவிடும் ஓசையும் கேளாது.

அத்தகையதோர் இரவில்தான் ‘மனமே’ நாடகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். போர்க்காலம் அது. தமிழ் மாணவர்களாகிய நாங்கள் கூட்டத்தின் நடுவே தாழ்ந்த குரலில் பேசப் பழகியிருந்தோம். மத்தளம் முழங்கிற்று. ‘பொத்தே குரு’ எனப்படும் கதைசொல்லி வந்து கதையைத் தொடக்கிவைத்தார். பின்னர் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பாட்டோடும் ஆட்டத்தோடும் அரங்குக்கு வந்தன. எனக்கு மெய்சிலிர்த்தது. மட்டக்களப்பில் எங்கள் ஊர்க் களரியில், அம்மப்பாவின் தோளில் அமர்ந்து நான் பார்த்த கூத்தில் அரசர்கள் வருவதும் இப்படித்தான். மெட்டும் மொழியும் வேறு. ஆயினும் முறை ஒன்றே. அருகிலிருந்த சிங்கள நண்பரிடம், எங்கள் ஊரிலும் இராசாக்கள் இப்படித்தான் வருவார்கள் என்றேன். அவர் நம்பவில்லை, ‘மனமே’ சிங்களவரின் தேசிய நாடகம் அல்லவா என்று சிரித்தார்.

மறுநாளே நூலகத்துக்குப் போனேன். எனக்குச் சான்று தந்தவர் வேறு யாருமல்லர், அந்நாடகத்தின் ஆசிரியரான பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவே. 1950களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட சிங்கள நாட்டார் நாடகம் பற்றிய ஆய்வு நூலில், ‘நாடகம’ என்னும் பழைய ஆடல்வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து வந்தது என்பதை எவ்வித ஒளிவுமறைவுமின்றி எழுதியிருக்கிறார். பெயரே தமிழ்ப் பெயர். மெட்டுகளோ தென்னிந்திய இசையைத் தழுவியவை. மேற்குக் கரையோரக் கத்தோலிக்கர் வழியாக அது சிங்களக் கிராமங்களுக்குப் பரவிற்று. அருகிக்கொண்டிருந்த அவ்வடிவத்தை சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்ற மூத்த கலைஞரின் துணையுடன் சரச்சந்திர மீட்டெடுத்தார். ஜப்பானிய அரங்கை நேரிற் கண்டு பெற்ற அனுபவத்தையும் சேர்த்து ‘மனமே’யை ஆக்கினார்.

கதை பௌத்த ஜாதகக் கதை. குருவின் மகளை மணந்து காட்டுவழியே ஊர் திரும்பும் இளவரசன், வேடர் தலைவனோடு பொருத நேர்கிறது. வாளைத் தா என்று அவன் மனைவியைக் கேட்கும் கணத்தில் அவள் தயங்குகிறாள். அத்தயக்கத்தில் அவன் உயிர் போகிறது. பழங்கதை அவளைத் துரோகி என்று எளிதாக முடித்துவிடும். சரச்சந்திர அப்படி முடிக்கவில்லை. குற்றம் யாருடையது என்பதைப் பார்ப்போரிடமே விட்டுவிட்டார்.

‘மனமே’ கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது 1956 நவம்பர் 3ஆம் திகதி. ‘சிங்களம் மட்டும்’ சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்ததும், அதை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்களும் தொண்டர்களும் தாக்கப்பட்டதும் அதே ஆண்டு ஜூன் மாதத்தில். தமிழை அரச அலுவலிலிருந்து அகற்றிய ஆண்டிலேயே, தமிழ்க் கூத்தின் வழிவந்த ஒரு வடிவம் சிங்கள அரங்கின் உச்சத்தில் அமர்ந்தது. வரலாறு இத்தகைய முரண்களை அறிவிப்பின்றியே நிகழ்த்திவிடுகிறது.

நூலைக் கொண்டுபோய் நண்பருக்குக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு மௌனமானார். நான் வென்றுவிட்டதாக எண்ணினேன். ஆனால் அன்று நான் அவருக்குச் சொன்னது பாதி வரலாறு மட்டுமே.

மீதிப் பாதியும் பேராதனையிலேதான் நிகழ்ந்தது. அங்கு தமிழ் நாடகம் முன்னரே இருந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் எழுதிய நாடகங்களில் மாணவர் நடித்தனர். பின்னாளில் பேராசிரியரான கா. சிவத்தம்பியும் அவர்களுள் ஒருவர். ஆனால் கூத்தோ படித்தவர்களின் கண்ணில் பட்டிக்காட்டு ஆட்டமாகவே இருந்தது. அதை ஆடியவர்களின் சாதியும் அந்த அலட்சியத்துக்கு ஒரு காரணம் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. சரச்சந்திரவின் வெற்றி கண்முன் நின்றபோதுதான், அதே பல்கலைக்கழகத்தின் தமிழ் விரிவுரையாளர் சு. வித்தியானந்தன், நம்மிடம் உயிரோடிருக்கும் கூத்தை நாம் என்ன செய்தோம் என்ற கேள்வியைச் செயலாக்கத் துணிந்தார்.

கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக அவர் கிராமங்களில் கூத்துப் போட்டிகளை நடத்தினார். கூத்து நூல்களைப் பதிப்பித்தார். பேராதனை மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றை 1960களில் மேடையேற்றினார். விடியவிடிய வட்டக்களரியில் ஆடப்பட்டது, இரண்டு மணிநேரத்துக்கும் குறைந்த அளவில் படச்சட்ட மேடைக்கு வந்தது. ‘இராவணேச’னில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பின்னர் பேராசிரியராகி அப்பணியைக் கிழக்கில் தொடர்ந்தார்.

பத்திரிகையாளனான பின்னர், கூத்துப் பற்றிய ஒரு கட்டுரைக்காகப் படுவான்கரையில் முதிய அண்ணாவியார் ஒருவரைச் சந்தித்தேன். பேராதனையில் ஆடிய பிறகுதான் ஊரிலுள்ள படித்தவர்கள் தம் களரியை எட்டிப் பார்த்தார்கள் என்று அவர் சொன்னார். அவர் குரலில் மகிழ்ச்சியைவிட வருத்தமே மிகுந்திருந்தது. எம் வீட்டுப் பொருளின் பெறுமதியை, அயல்வீட்டார் அதைத் துலக்கி வைத்துக்காட்டிய பின்னரே நாம் அறிந்தோம். சிங்கள அரங்கு எம்மிடம் கடன்பட்டது உண்மை. எமது கூத்தின் மறுமலர்ச்சி சரச்சந்திரவிடம் கடன்பட்டதும் அதேயளவு உண்மை. முதலாவதை மட்டும் மேடைதோறும் முழங்குவது நேர்மையாகாது.

இரு பேராசிரியர்களும் ஒரே வளாகத்தில் பணியாற்றிய காலம் நீடிக்கவில்லை. வித்தியானந்தன் யாழ்ப்பாணம் சென்று, 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தரானார். 1983 மே மாதத்தில் பேராதனை விடுதிகளிலேயே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விரட்டப்பட்டனர். வித்தியானந்தன் 1989இலும் சரச்சந்திர 1996இலும் மறைந்தனர். பேராதனைத் திறந்தவெளி அரங்கு இன்று சரச்சந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது மிகப் பொருத்தமே.

அந்த நண்பரோடு எனக்கு இப்போது தொடர்பில்லை. எங்கேனும் ஒரு பாடசாலையில் இலக்கியம் கற்பித்து ஓய்வை நெருங்கிக்கொண்டிருப்பார். மீண்டும் ஒரு நாடக வாரத்தில் அப்படிகளில் அவரருகே அமரும் வாய்ப்புக் கிட்டுமாயின், அன்று சொல்லாமல் விட்ட பாதியை முதலிற் சொல்வேன்.